வடக்குச் சுவரில் மிஞ்சிய வர்ணம்

அநாதை இல்லத்தின் வடக்குச் சுவருக்குப் பன்னிரண்டாவது முறையாக வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோதுதான் கிரெட்சன் அந்தக் கல்லறையைப் பற்றிக் கேட்டாள்.

போன கோடையில் வந்த வெளிநாட்டுத் தொண்டர் குழு அதே சுவரில் ஒரு வானவில் வரைந்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் பிள்ளைகளின் உள்ளங்கைகளை வர்ணத்தில் தோய்த்து அச்சுப் பதித்திருந்தார்கள். இந்த முறை நோவாவின் பேழை. ஒவ்வொரு குழுவும் வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பாக, பழைய படத்தின் மேல் வெள்ளையடித்து வைப்பது ரெனெலின் வேலை. பிள்ளைகளின் நல்ல செருப்புகளை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டுவது சமையல்காரியின் வேலை. வருகிறவர்கள் எப்படியும் செருப்பு கொண்டுவருவார்கள்.

"ரெனெல், விஸ்லினை அவ அம்மா கல்லறைக்கு யாராவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கிரெட்சன் கேட்டாள். ஐம்பத்தெட்டு வயது. மின்னசோட்டாவில் ஒரு பள்ளி நூலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள். மூன்றாவது தடவையாக வருகிறாள். மற்றவர்களைப்போல வந்ததும் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளாமல், முதல் நாள் காலையிலேயே கழிப்பறையைக் கழுவுகிறவள். ரெனெலுக்கு அவளைப் பிடிக்கும். அதுதான் சங்கடம்.

"இல்ல மேடம். சின்னப் பொண்ணு. பயப்படுவா."

"எங்கம்மா போன ஏப்ரல்ல இறந்துட்டாங்க. எனக்கே போய் நின்னு பார்த்த பிறகுதான் மனசு ஆறிச்சு. இவ எட்டு வயசுக் குழந்தை. போய் ஒரு பூ வைக்கட்டுமே. நானும் கூடப் போறேன்."

விஸ்லின் நாலடி தள்ளி ஒட்டகச்சிவிங்கிக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருந்தது. தன் மாமா ரெனெலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புள்ளி வைக்கப் போய்விட்டாள். அந்த இல்லத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் பெரியவர்கள் பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அவர்களில் அம்மாவும் அப்பாவும் இல்லாதவர்கள் ஆறு பேர்தான்.

விஸ்லினின் அம்மா இலோமென் ரெனெலின் தங்கை. சந்தைக்குப் போகும் வழியில் காரம் போட்டு அரைத்த கடலை மசியலும் மரவள்ளி ரொட்டியும் விற்கிறாள்.

இல்லத்தை நடத்தும் பாஸ்டர் டெலிஸ்கா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கென்ன. ஒரு கல்லறையைக் காட்டு."

"எந்தக் கல்லறையைக் காட்ட பாஸ்டர்? அவ உயிரோட இருக்கா. நேத்துகூட உங்க வீட்டுக்கு ஒரு ஜாடி கொடுத்தனுப்பினா."

"சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஊர்ல கல்லறைக்கா பஞ்சம்? பேர் அழிஞ்சு போனது எத்தனையோ கிடக்கு. ஒண்ணுல பேரை எழுது. நீதான் எழுதுறவனாச்சே."

ஊரில் பாதிப் பலகைகள் ரெனெல் எழுதியவை. லாட்டரிக் கடை, முடிவெட்டும் கடை, வண்டிகளின் நெற்றியில் பைபிள் வசனம். தலைநகரில் ஒரு விடுதியில் எடுபிடியாக இருந்தபோது ஆங்கிலம் கற்றான். பூகம்பத்தில் விடுதி விழுந்த பிறகு ஊருக்கு வந்தான். இப்போது இல்லத்துக்கு வண்டி ஓட்டி, வருகிறவர்களுக்கு மொழிபெயர்க்கிறான்.

"பாஸ்டர், அந்த வெள்ளைக்கார அம்மாகிட்ட வேற ஏதாவது சொல்லிடலாமே. கல்லறை எங்கன்னு தெரியலன்னு..."

"ஃபைல்ல எழுதிக் கொடுத்திருக்கோம் ரெனெல். காலராவுல செத்தா, இந்த ஊர்க் கல்லறையில புதைச்சாங்கன்னு. அந்த அம்மா படிக்கிறவ. ஒரு எழுத்து விடாம படிக்கிறவ. அவங்க சபைதான் மாடி கட்டித் தரப் போகுது. முப்பது பிள்ளைங்க படிப்பை ஒரு பூங்கொத்துக்காகக் கெடுக்கச் சொல்றியா?"

"நவம்பர் ரெண்டு, மூதாதையர் நாள் வருது பாஸ்டர். ஊரே கல்லறைக்குப் போகும்."

"அதனாலதான் சொல்றேன். ரெண்டாம் தேதி பிசாசுக் கூட்டம். நம்ம பிள்ளைங்க கால் வைக்கக் கூடாது. வியாழக்கிழமை அருவிக்குப் போறீங்கல்ல? போற வழியில காட்டிட்டுப் போ. சாயங்காலம் வந்து ஒரு கை வெள்ளையடிச்சு விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

ரெனெல் வெளியே வந்தான். அவனுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று நிச்சயமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இலோமெனின் புருஷன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தபோது, 'பிள்ளையை இல்லத்தில் விடு, படிக்கும், வயிறு நிறையும், நான் கூடவே இருப்பேன்' என்று தங்கையிடம் சொன்னவன் அவன்தான். வெள்ளைக்காரர்கள் வரும்போது மட்டும் அம்மா இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னவனும் அவன்தான்.

புதன்கிழமை சாயங்காலம் இலோமெனைப் பார்க்கப் போனான். சொல்லிவிடலாம் என்றுதான் போனான்.

"வாங்க துரை," என்றாள் அவள், உரலிலிருந்து தலையைத் தூக்காமல். "ஆளு வர்றதுக்கு முன்னாடி வெள்ளைக்காரி சோப்பு வாசனை வருது."

"சும்மா இரு."

"எத்தனை பேர் இந்தத் தடவை?"

"பதினாலு."

"பதினாலு பேரும் என் பொண்ணுக்குத் தலை பின்னி விடுவாளுங்க. எனக்கு ஒரு நாள் கிடைக்க மாட்டேங்குது." ஒரு துண்டு ரொட்டியில் மசியலைத் தடவி நீட்டினாள். "காரம் சரியா இருக்கா பாரு."

அவன் தின்றான். கண்ணில் நீர் வந்தது. அவள் சிரித்தாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லா படிக்கிறா. எல்லாத்தையும் எழுத்துக் கூட்டாம படிக்கிறா. கடைப் பலகை, சோப்பு உறை, எதையும் விடறதில்ல."

"எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லணும்." இலோமென் கையைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, ஜனவரி ஒண்ணு. சுதந்திர நாள் பூசணி சூப்பு. என் அடுப்பு முன்னாடி உக்காந்து அவ குடிக்கணும். போன வருஷமும் இதே பேச்சுத்தான் பேசினே. இந்தத் தடவை ஏமாத்தினா, நானே உள்ள வந்து தூக்கிட்டு வந்துடுவேன்."

"பாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். டிசம்பர் குழு போனதும் அனுப்பறேன்னு சொல்லிட்டார்."

"பிள்ளையைத் தொட்டுச் சொல்லு."

"விஸ்லினைத் தொட்டுச் சொல்றேன்."

"இங்க இல்லாத பிள்ளையை எங்க தொட்டே?" என்று இலோமென் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரிசையா போறப்ப முனையில நிக்கிறேன். இந்தப் பக்கம் திரும்ப மாட்டா. ஆனா காதைத் தொடுவா. இடது காது. பாத்துட்டேன்மான்னு அர்த்தம். அவளே கண்டுபிடிச்சது" என்றாள்.

ரெனெல் எதையும் சொல்லாமல் ஒரு ஜாடியை வாங்கிக்கொண்டு திரும்பினான். ஒரு நாள் கூத்து, சாயங்காலமே அழித்துவிடப் போகிறோம், எதற்கு அவளைக் கலக்க வேண்டும் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தான்.

வியாழன் விடியும்போது கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. கிழக்கு மூலையில், இலவ மரத்தடியில், வெளிறிய ஒரு சிமெண்டுக் கல்லறையைத் தேர்ந்தெடுத்தான். தலைமாட்டுச் சிலுவையில் பேர் மழையில் கரைந்துபோயிருந்தது. பேழைக்கு ஓரக்கோடு போட வாங்கிய கறுப்பு எண்ணெய் வர்ணத்தில் கால் டப்பா மிஞ்சியிருந்தது. தங்கையின் பேரை எழுதினான். எழுத உட்கார்ந்தால் கை தன் போக்கில் போகும். குலப்பெயரின் முதல் எழுத்துக்கு, எல்லாப் பலகைகளிலும் செய்வதுபோலவே, வாலை மீன்முள்ளாக வளைத்து விட்டான். பிறகு ஃபைலில் எழுதியிருந்த இறந்த வருடம். ஈரம் தெரியாமல் இருக்க மண்ணை அள்ளித் தூவித் தேய்த்தான். எழுந்து தள்ளி நின்று பார்த்தபோது வரிகள் நேராகவே இருந்தன.

அருவிக்கு முதலில் போய்விடலாம், வெயில் ஏறினால் மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும் என்று கிரெட்சன் சொன்னாள். திட்டம் மாறியதில் ரெனெலுக்கு ஒருவிதத்தில் நிம்மதி. வண்டியின் பின்பக்கம் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட வெளிநாட்டுக்காரர்கள் ஏழு பேரும் ஏறிக்கொண்டார்கள். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். கடந்து மேலே ஏறினார்கள். அருவியின் மூன்று நீலக் குளங்களும் எப்போதும்போல இருந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்கினார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் மேலிருந்து குதித்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவன், "மூணாவது குளத்துல ஒரு பொம்பளை தங்கச் சீப்பு வெச்சிருக்கா, காலைப் பிடிச்சு இழுப்பா" என்று வழக்கமான கதையை விட்டான். ரெனெல் மொழிபெயர்த்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

விஸ்லின் தண்ணீரில் இறங்கவில்லை. கிரெட்சனின் முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு, கண்ணு?"

விஸ்லின் பழகிய குரலில் சொன்னாள். ரெனெல் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றினான். பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். செத்தவர் பிள்ளையைத் தேடி வரக் கூடாதென்று, பெட்டிக்கு மேலாக அவளைத் தூக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கைமாற்றிக் கொடுத்தார்கள். மூன்று தடவை. கீழே பார்க்காதே என்றார்கள். அவள் பார்த்தாள்.

அதெல்லாம் உண்மைதான். பெட்டியில் கிடந்தது அவள் அப்பா. இந்தப் பக்கம் நின்று தூக்கிக் கொடுத்தவள் இலோமென். அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டவன் ரெனெல்.

திரும்பி வரும்போது மேற்கே வானம் கறுத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியபோது கிரெட்சனும் விஸ்லினும் மட்டும் இறங்கினார்கள். கிரெட்சன் வழியில் பறித்த காட்டுப் பூக்களைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். ரெனெல் முன்னே நடந்தான்.

"இதுதான்."

விஸ்லின் முதலில் சிரிக்கப் போனாள். இது புது விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவள் உதடுகள் அசைந்தன. சிலுவையில் இருந்ததைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அதுதான். எழுதியிருப்பதைப் படி, படித்ததை நம்பு.

"மாமா," என்றாள் ஊர்மொழியான கிரியோலில். "எப்போ?"

கிரெட்சன் மண்டியிட்டு அவளை அணைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக விஸ்லினின் முகம் ரெனெலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லடா. சும்மா. அப்புறம் சொல்றேன்."

"பேர் எழுதியிருக்கே."

"சும்மா எழுதினது."

அவள் கண்கள் அவன் கைக்கு இறங்கின. நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

"நீதான் எழுதினியா?"

"என்ன கேக்கறா?" என்றாள் கிரெட்சன்.

"அம்மாவுக்கு வலிச்சிருக்குமான்னு கேக்கறா."

"வலிக்கலன்னு சொல்லு. ப்ளீஸ், சொல்லு."

ரெனெல் விஸ்லினைப் பார்த்து, "ஆமா, நான்தான் எழுதினேன். ராத்திரி எல்லாம் சொல்றேன். இப்ப பூவை வை, அந்த அம்மா பார்க்கறாங்க" என்றான்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் விஸ்லின். "எனக்குத்தான் சொல்லல."

பூக்களை வைத்தாள். கிரெட்சன் எழுத்தைத் தடவியபோது விரலில் லேசாகக் கறுப்பு ஒட்டியது. பண்டிகைக்காகப் புதிதாக எழுதுவார்கள் என்று ரெனெல் சொன்னான். திரும்பி நடக்கும்போது விஸ்லின் யாரிடமென்று இல்லாமல் சொன்னாள்: "போன ஞாயித்துக்கிழமை அம்மா முனையில நின்னாங்க. பேசல. கைகூட ஆட்டல. சும்மா நின்னாங்க."

அந்த இரவு ரெனெலால் எதையும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பாஸ்டர் அவனைப் பக்கத்து நகரமான ஜாக்மெலுக்கு அனுப்பினார். குழுவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல், மருந்து வேண்டும். திரும்புகிற வழியில் மழை கொட்டியது. ஆறு பொங்கி, அக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வண்டியின் கூரைமேல் மழை அறைவதைக் கேட்டுக்கொண்டு, வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு வாளியைக் காலடியில் வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் வடிந்து அவன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை நண்பகல். நவம்பர் ஒன்று. மறுநாள் மூதாதையர் நாள் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்து புல் வெட்டிக்கொண்டும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டும் இருந்தார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், வருடா வருடம் தன் அப்பா கல்லறைக்கு இதே நாளில் வெள்ளையடித்தவன், ஒரு நாள் தப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருந்திருக்கிறான்.

இலவ மரத்தடியில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்தக் கல்லறையின் சொந்தக்காரி, ஈர்த்தா என்ற பருத்த பெண், தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பன் மேல எவளோ ஒருத்தி பேரைக் கொண்டாந்து படுக்க வெச்சிருக்காங்களே! செத்தவளா இருந்தாக்கூடப் பரவால்ல, போய்ச் சேந்தவன்னு விட்டுடலாம். இலோமென்! கடலைக்காரி இலோமென்! காலையில என்கிட்ட ரொட்டி வித்தவ!"

"பேரைக் கொடுத்திருக்காங்க," என்றார் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், கத்தியை நிறுத்தாமல். "மூதாதையர் நாளுக்கு முன்னாடி செத்தவங்ககிட்டப் பேரைக் கொடுத்தா, வருஷம் திரும்பறதுக்குள்ள ஆளை எடுத்துக்குவாங்க."

"யார் கொடுத்தது?"

ஒரு இளைஞன் சிலுவைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, வாயிலில் சுண்ணாம்பு வாளியோடு நின்ற ரெனெலைப் பார்த்தான்.

"இந்த வாலை எங்க லாட்டரிக் கடைப் பலகையில தினமும் பாக்கறேன்," என்றான்.

யாரும் ரெனெலை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பெரிய சந்தை. தெருவெல்லாம் கறுப்பும் ஊதாவும் உடுத்தியவர்கள் மெழுகுவர்த்தியும் காப்பியும் மிளகாய் ஊறிய சாராயமும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். ரெனெல் போனபோது இலோமெனின் தட்டில் காலையில் அடுக்கிய ரொட்டி அடுக்கு குலையாமல் இருந்தது. இரண்டு பக்கத்துக் கடைக்காரிகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போயிருந்தார்கள். நடுவில் அவள் மட்டும்.

"நீ எழுதினியா?"

"ஆமா. ஆனா அவங்க சொல்ற மாதிரி இல்ல. இலோ, கேளு..."

"என்னை எவ்வளவுக்கு வித்தான்னு கேக்கறாங்க. அண்ணன் மாடி வீடு கட்டப் போறானாம்."

"பாஸ்டர்தான்... அந்த வெள்ளைக்கார அம்மா கல்லறை பார்க்கணும்னா. சாயங்காலமே அழிச்சுடலாம்னு இருந்தேன். ஆத்துல வெள்ளம்."

அவள் முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"விஸ்லின் அதைப் பாத்தாளா?"

"பாத்தா."

"படிச்சாளா?"

"படிச்சா."

இலோமென் ரொட்டி அடுக்கின்மேல் துணியை மூடினாள். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"இவங்களை நான் குத்தம் சொல்லல. வேற யார் பேராவது அங்க இருந்திருந்தா நானும் பாயைச் சுருட்டிட்டுப் போயிருப்பேன். என் பொண்ணைக் கொண்டா. இன்னிக்கே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சந்தையில ஒரு தடவை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கட்டும். அது போதும். பெத்த பொண்ணு கையைப் பிடிச்சு நடக்கறான்னா இவ உயிரோடதான் இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும்."

"திங்கட்கிழமை குழு கிளம்பிடும். அன்னிக்கே நான் கூட்டிட்டு வரேன்."

"திங்கட்கிழமை," என்றாள். "ஜனவரி ஒண்ணு. டிசம்பர் குழு. நீ என்கிட்டப் பேசறப்பவும் யாருக்கோ மொழிபெயர்க்கற மாதிரியே பேசற அண்ணா."

அவன் இல்லத்துக்குப் போய் விஸ்லினைத் தேடினான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அவள் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "அம்மா உயிரோட இருக்காங்கடா" என்றான். அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டிய விதம் அவனுக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் ஏதாவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். அவன் கொண்டுவந்த ஜாடி கட்டிலுக்கடியில் திறக்காமல் கிடந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, பாதாம் மரத்தடியில் குழுவுக்குப் பிரிவு உபசாரம். பிள்ளைகள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு பாடினார்கள். பின்னால் வடக்குச் சுவரில் பேழை முடிந்திருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவே வாயில் திறந்தது.

இலோமென் வெள்ளை கவுன் போட்டிருந்தாள். கோயிலுக்குப் போடுவது. தலையில் வெள்ளைத் துணி. தான் சுத்தமாக, ஒழுங்காக வந்திருப்பது தெரியட்டும் என்று அதை உடுத்தியிருந்தாள். கையில் வாழையிலையில் பொதிந்த ரொட்டி. பாட்டு தேய்ந்து நின்றது. அவளைத் தெரிந்த பிள்ளைகள் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

"விஸ்லின். வா, வீட்டுக்குப் போலாம்."

விஸ்லின் கிரெட்சனின் பின்னால் போய் நின்றாள்.

"பயப்படாதடி. அம்மாதான். பாரு." இலோமென் தன் இடது காதைத் தொட்டாள். காதைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

விஸ்லினின் கை கிரெட்சனின் ஆரஞ்சுச் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அசையவில்லை. அவள் அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இவளைப் பெத்தவ," என்றாள் இலோமென், கிரெட்சனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக. "நான் சாகல. அண்ணா, இந்த அம்மாகிட்டச் சொல்லு. நான் சொன்னதை அப்படியே சொல்லு."

"யார் இவங்க? என்ன சொல்றாங்க ரெனெல்?"

பாஸ்டர் டெலிஸ்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கை வைத்தபடி ரெனெலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது ஏழெட்டுச் சொல்தான். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னது. அது அவன் நாக்கின் நுனிவரை வந்தது.

"சந்தையில கடலை விக்கிற அம்மா, மேடம்," என்றான். "ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவங்க. புத்தி கொஞ்சம் சரியில்ல. எந்தப் பொண்ணைப் பார்த்தாலும் தன் பொண்ணும்பாங்க."

இலோமெனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கிரெட்சனின் முகத்தைப் பார்த்தாள். அதில் அதிர்ச்சி வர வேண்டிய இடத்தில் இரக்கம் வந்தது. கண்கள் நிறைந்தன. அண்ணன் என்ன சொன்னான் என்பது இலோமெனுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

கிரெட்சன் முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் அந்த ரொட்டிப் பொதியை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த கிரியோலில் நன்றி சொன்னாள். பணம் எடுக்கப் பையைத் தேடினாள். இலோமென் நிற்கவில்லை. திரும்பி, வாயில்வரை அவசரமில்லாமல் நடந்தாள். வாயிலைத் தானே சாத்திவிட்டுப் போனாள்.

"பாவம்," என்றாள் கிரெட்சன். ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைக்கப் போனாள்.

விஸ்லின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ரெனெலைப் பார்த்து வேகமாக, கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"மாமா, சாப்பிட வேணாம்னு சொல்லு. செத்தவங்க கையால வாங்கித் தின்னா கூடவே கூட்டிட்டுப் போயிடுவாங்க. சொல்லு மாமா, சீக்கிரம்!"

"என்ன சொல்றா?" என்று கிரெட்சன் அவனைப் பார்த்தாள்.

"காரமா இருக்கும்னு சொல்றா, மேடம்."

கிரெட்சன் சிரித்துவிட்டு, குழந்தையின் தலையை வருடி, ரொட்டியைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. உண்மையாகவே காரம்தான் என்று தலையை ஆட்டினாள். விஸ்லின் மெல்ல அவள் மணிக்கட்டை விட்டுவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

ஈர்த்தா தன் அப்பாவின் சிலுவைக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு எண்ணெய் வர்ணத்தின் மேல் நிற்காது. காய்ந்ததும் எழுத்து மறுபடி மேலே வந்துவிடும். ரெனெலுக்கு அது தெரியும். வடக்குச் சுவருக்கு அவன் எப்போதும் சுரண்டிவிட்டுத்தான் அடிப்பான். நவம்பர் நடுவில் இலோமெனின் வீடு பூட்டிக் கிடந்தது. படகேறி எல்லைக்கு அப்பால் போய்விட்டாள், அங்கே யாருக்கும் அவள் பேர் தெரியாது என்று சிலர் சொன்னார்கள். செத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர்களிடம் ரெனெல் எதையும் மறுக்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி அடுத்த குழு வருவதாக இருந்தது. எட்டாம் தேதி காலையில் அவன் இரும்புத் தகட்டை எடுத்துக்கொண்டு பேழையைச் சுரண்ட ஆரம்பித்தான்.